கோழி, ஹெலிகாப்டர், பஞ்சு: என் வகுப்புச் சாவி போன கதை

ஆடி மாதம் என் இங்கிலீஷ் வகுப்பைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் மகள் தஞ்சாவூருக்குப் போய்விட்டாள். சாவியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நடந்த தவறு இதுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது ஒரு தொழிலே இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களின் வீட்டாரைச் சமாளிப்பதுதான் தொழில். மன்னார்குடியில் ஓர் உரக்கடை மாடியில் பதினோரு வருஷமாக அதைச் செய்கிறேன். அதற்கு முன் தந்தி ஆபீஸ். தந்தியில் வீண் சொல் ஆகாது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வயது எழுபத்து நான்கு. என் மகள் அதை எல்லோரிடமும் சொல்லிவிடுகிறாள் என்பதால் நானே முந்திக்கொண்டு சொல்கிறேன்.

என்னிடம் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸ் பெண்கள். அங்கே படுத்திருக்கும் கிழவர் தன் மகளை 'மதர் ஹென்' என்று சொன்னால் இவர்கள் கட்டிலுக்கடியில் கோழியைத் தேடக்கூடாது. அதனால் அந்த மாதம் ஒரு பாடம் எடுத்தேன். அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பவர்களை இங்கிலீஷில் என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று. பாடம் முடிவதற்குள் எனக்கே வந்து சேர்ந்தது.

பிள்ளைகளைப் பெற்றவர்கள், பெற்ற பிள்ளைகளிடம் அகப்பட்டவர்கள், இரு தரப்பாரும் படிக்கலாம். நம் கஷ்டம் ஒன்றுதான்.

மதர் ஹென்

தாய்க்கோழி. தன் பொறுப்பில் இருப்பவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து, சாப்பிட்டாயா, போர்த்திக்கொண்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆணையும் சொல்லலாம், ஆபீஸ் மேனேஜரையும் சொல்லலாம். முழு வசை இல்லை. பாதி கேலி, பாதி பிரியம். இதை நான் போர்டில் எழுதியதும் வகுப்பு மொத்தமும் திரும்பி வாசல்படியைப் பார்த்தது.

படியில் ராஜாத்தி உட்கார்ந்திருந்தார். காவ்யாவின் அம்மா. காவ்யா நர்ஸ் படிப்பு முடித்து, அயர்லாந்து வேலைக்கான இண்டர்வியூவுக்குத் தயாராகிற பெண். வயது இருபத்து நான்கு. ராஜாத்தி நடவுக்கு ஆள் திரட்டி அழைத்துப் போகிறவர். வயலில் முப்பது பெண்களை ஒரே குரலில் நகர்த்துவார். மகளோடு பஸ்ஸில் வந்து, டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை படியில் இருப்பார். நான் காவ்யாவிடம் கேள்வி கேட்டால் இவர் வாயைத் திறப்பார். இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் திறப்பார்.

நான் பொறுமைசாலி இல்லை. "நாத்தங்கால்ல நாத்தை எத்தனை நாள் வச்சிருப்பீங்க?" என்றேன். "முப்பது நாள் சார்." "அறுபது நாள் அங்கேயே விட்டா?" "முத்திப்போயிடும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது, ஒத்தைக் கதிரா நிக்கும்." "உங்க நாத்துக்கு இருபத்து நாலு வருஷம் ஆச்சு" என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. ராஜாத்தி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று சொன்னார்: "நாளையிலேருந்து அவ தனியா வருவா. ஆனா முத்தின நாத்தை நாங்க தூக்கி எறியறதில்ல சார். அதுக்குன்னு ஒரு நடவு இருக்கு."

ஹெலிகாப்டர் பேரண்ட்

பிள்ளையின் தலைக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும் பெற்றோர். வீட்டுப்பாடத்தில் தலையிடுவார், சண்டையில் தலையிடுவார், காலேஜ் பிரின்சிபாலுக்கே போன் போடுவார். தாய்க்கோழியில் இருக்கும் பிரியம் இதில் கிடையாது. நேரே குற்றச்சாட்டு.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருள் சொல்லமாட்டேன். முதலில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வேன், அவர்களே யூகிக்கட்டும் என்று. டெல்டாவில் இந்தத் தொடருக்கு அதைச் செய்திருக்கக்கூடாது. இங்கே ஹெலிகாப்டரை எப்போது பார்க்கிறோம்? புயல் அடித்து, பயிர் மூழ்கி, நாலைந்து நாள் கழித்து. மேலே ஒரு சுற்று. உள்ளிருந்து யாரோ கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். இறங்காமல் போய்விடும்.

கூத்தாநல்லூரிலிருந்து வரும் ஷபானா எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். 'என் அத்தா ஒரு ஹெலிகாப்டர் பேரண்ட். குவைத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். எங்களைப் பார்ப்பார். போய்விடுவார்.' பொருள் நேர் எதிர் என்று சொல்லிச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அவள் நோட்டை என் பக்கமாகத் தள்ளினாள். அவள் சொன்னது இது: "தப்புன்னா அடிச்சிடுங்க சார். ஆனா புயலுக்கப்புறம் அது வந்தப்ப, நாங்க எல்லாரும் மொட்டை மாடியில நின்னு கை காட்டினோம்."

ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்

சமைக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் ஏப்ரனின் கயிறு. அதில் கட்டுண்டு கிடக்கிறான் என்றால், மீசை முளைத்த பிறகும் அம்மாவைக் கேட்காமல் ஓரடி எடுத்து வைக்காதவன். ஒன்றைக் கவனியுங்கள். மற்ற தொடர்கள் பொத்தி வைப்பவரைத் திட்டுகின்றன. இது பொத்தப்பட்டவனைத் திட்டுகிறது.

ஏப்ரன் இங்கே யார் கட்டுகிறார்கள்? முந்தானை என்றேன். உடனே புரிந்தது. வேண்டியதற்கு மேலேயே புரிந்தது. பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி மகன் பிரபு, ஏற்றுமதிக்கு வேண்டும் என்று இங்கிலீஷ் படிக்க வருகிறவன், முப்பத்தொரு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். வகுப்பு நடுவில் அவன் அம்மா போனில் வந்து, வெயிலில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டாயா என்று கேட்பார். வைத்த கையோடு மனைவி வந்து அதையே கேட்பாள். "நீங்க எந்த முந்தானைண்ணா?" என்று காவ்யா கேட்டாள். பிரபு கோபப்படவில்லை. யோசித்து, உண்மையைச் சொன்னான்: "காலையில அம்மாவோடது, சாயங்காலம் அவளோடது. பஸ்ல வர்ற நேரம் ஒண்ணுதான் என்னோடது. அதனாலதான் சார் நான் கிளாஸுக்கு லீவே போடறதில்ல."

காட்டன் வூல்

பஞ்சில் பொதிந்து வைப்பது. கண்ணாடிச் சாமானுக்குச் சரி. மனிதருக்குச் செய்தால், அடிபடாமல் காக்கிறேன் என்று சொல்லி வாழவிடாமல் செய்வது. பெரும்பாலும் 'வேண்டாம்' என்று மறுக்கத்தான் இந்தத் தொடர் வரும். நானும் அதற்குத்தான் எடுத்தேன்.

வகுப்பறைக்குப் பின்னால் மாடியில் இன்னோர் அறை. அதில் உரக்கடை ஹாஜா பாய் காலிச் சாக்குகளைப் போட்டு வைப்பார். சாக்கை இறக்கும்போதெல்லாம் படியில் யூரியா மணி மணியாகச் சிந்தும். பதினோரு வருஷம் அதன்மேல் நடந்தவன் நான். பஞ்சுப் பாடம் நடத்திவிட்டு இறங்கிய அன்று நடக்கவில்லை, வழுக்கினேன். நான்கு படி. வலது கணுக்கால். ஹாஜா பாய்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். என் மகள் சுமதிக்குப் போன் போட்டதும் அவர்தான். முதலாவதற்கு நன்றி. இரண்டாவதை இன்னும் மன்னிக்கவில்லை.

சுமதி தஞ்சாவூரில் பாங்க் ஆபீசர். ஒரே பிள்ளை. அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்தே என்னைக் கூட்டிக்கொண்டு போகக் காரணம் தேடிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரியில் வந்து நின்றபோது கையில் வகுப்புச் சாவி இருந்தது. "இனிமே மாடியும் வேணாம், கிளாஸும் வேணாம். எங்கூட வாங்க" என்றாள். பாடம் நடத்திய சூடு ஆறவில்லை. என்னைப் பஞ்சில் பொதியாதே என்று இங்கிலீஷிலேயே சொன்னேன், உச்சரிப்பு சுத்தமாக. அவள் என் காலைப் பார்த்தாள். "பஞ்சு இல்லப்பா. மாவுக்கட்டு. ஆறு வாரம்."

மாலிகாடில்

செல்லமும் கவனிப்பும் ஏற்றி ஏற்றி ஆளை ஒன்றுக்கும் உதவாமல் ஆக்குவது. சொல்லைக் கேட்டாலே குழைந்த சாதம் மாதிரி இருக்கும். சுமதி வீட்டில் குழைந்த சாதம்தான் போட்டாள். பல் என்னவோ எனக்கு உடையவில்லை.

மூன்றாவது மாடி வீடு. குளியலறையில் மூன்று கைப்பிடி, கட்டிலருகே ஒரு மணி. தண்ணீர் வேண்டுமென்றால் மணி அடிக்க வேண்டுமாம். அடிக்கவில்லை. ஒரு நாளும் அடிக்கவில்லை. கட்டு பிரித்தார்கள். காலை ஊன்றினேன். சாவியைக் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன். சாவி கிடந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அப்போதுதான் புரிந்தது, வகுப்பு மூடிக் கிடக்கவில்லை, முடிந்தே போயிற்று என்று. காவ்யா போன் செய்தாள். இண்டர்வியூ கார்த்திகையில். பேசிப் பழக ஆள் இல்லை. என் வகுப்பு நர்ஸ் பெண்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தனியாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் அவள் பாங்குக்குப் போனதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாவி இல்லாவிட்டால் பூட்டை உடைப்பது என்று முடிவு. கேட் செக்யூரிட்டியிடம் முடிவெட்டப் போவதாகச் சொன்னேன். பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சுமதி அனுப்பிய என் படம் அதற்குள் மன்னார்குடி ரூட் கண்டக்டர்கள் போனுக்கெல்லாம் போயிருந்தது எனக்குத் தெரியாது. வடுவூர் வந்ததும் கண்டக்டர் விசிலை ஊதி, "சார், இறங்கி ஒரு டீ குடிச்சுக்கிட்டு இருங்க, அக்கா வந்துக்கிட்டு இருக்காங்க" என்றான். முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. இறங்கினேன்.

சுமதி காரில் வந்தாள். முன் சீட்டில் தலையணை. "ஏறுங்கப்பா." "ஏறமாட்டேன்." "மழை வருது." "வரட்டும்." "எல்லாரும் பாக்கறாங்கப்பா." "பாக்கட்டும். கிழவனைக் கடத்துறாங்கன்னு தெரியட்டும்." டீக்கடைக்காரர் எனக்கு இன்னொரு டீ போட்டார். அவர் என் கட்சி. சுமதி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "நான் காலேஜ் போறப்ப, பஸ்ல ஏறி உக்காந்தப்புறமும், ஊர் எல்லை வரைக்கும் சைக்கிள்ல பின்னாடியே வந்தது யாருப்பா?"

அண்டர் த விங்

சைக்கிளில் போனது நான்தான். காரில் ஏறினேன். தோற்றுப்போய் இல்லை. மழை பிடித்துக்கொண்டது.

இனி கடைசித் தொடர். சிறகுக்கடியில் சேர்த்துக்கொள்வது. இந்தப் பட்டியலில் வசை கலக்காதது இது ஒன்றுதான். புதியவரை, தடுமாறுகிறவரை, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வைத்து நடத்திக்கொண்டு போவது. பஞ்சுக்குள் அசைய முடியாது. சிறகின் கீழே இருந்துகொண்டு வேலை பார்க்கலாம். இதை நான் வகுப்பில் நடத்தவில்லை. அதற்குள் விழுந்துவிட்டேன். எனக்கு நடத்தினார்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாத்தி தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தார். பின்னால் காவ்யா. நடவு முடிந்த கையோடு வந்திருக்கிறார். நகக்கண்ணில் சேறு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து ஒரு கும்பிடு, அவ்வளவுதான். பேச்செல்லாம் சுமதியிடம்.

"சாவியைக் குடும்மா."

"எதுக்குக்கா?"

"பெஞ்சை இறக்கணும். கீழப் பின்னறையைக் காலி பண்ணியாச்சு. அங்க இருந்த விதைப் பையெல்லாம் மாடிக்கு ஏத்திட்டோம், காலிச் சாக்கு கிடந்த ரூம்புக்கு. சார் இனிமே படி ஏற வேணாம்."

"யாரு ஏத்துனது?"

"நாங்க ஒன்பது பேரு. அரை நாள் வேலை."

"ஹாஜா பாய் ஒத்துக்கிட்டாரா?"

"அவருக்கென்ன, தூக்கினது நாங்கதானே."

சுமதி விடுகிறவள் இல்லை. பாங்கில் லோன் கேட்டு வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் வரிசையாக அடுக்கினாள். எழுபத்து நாலு வயசு. தனி வீடு. ராத்திரி ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள்? கால் ஒருமுறை போனது, மறுபடி போகாதா? ராஜாத்தி குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"நீ சொல்றது சரிதாம்மா. நானும் அப்படித்தான் இவளைப் படியில உக்காந்து காவல் காத்தேன். சார்தான் எழுப்பி விட்டாரு. முத்தின நாத்து தூர் கட்டாதுன்னாரு. வாஸ்தவம். ஆனா ஆத்துல தண்ணி லேட்டா வர்ற வருஷம் நாத்து முத்தித்தான் போவும். அதை வரப்புல போட்டுட்டாப் போறோம்? குத்துக்கு ரெண்டு நாத்து வைக்கிற இடத்துல நாலஞ்சு சேத்து வச்சு, நெருக்கி நடுவோம். ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும். வெளைஞ்சிருக்கும்மா. அந்தச் சோத்தை நீயும் சாப்பிட்டுருப்பே. சாரை ஒத்தையா நட்டா விழத்தான் செய்வாரு. எங்க நடுவுல வச்சுக்கறோம்."

பிறகு விரல் மடக்கிச் சொன்னார். காலையில் கதவைத் தட்டிப் பார்ப்பது பக்கத்துத் தெருவில் இருக்கும் ராஜாத்தியின் தங்கை. வகுப்புக்கு அழைத்து வருவது பிரபு. எப்படியும் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறான். மத்தியானச் சாப்பாடு ஷபானா வீட்டிலிருந்து. ராத்திரித் துணைக்கு, என் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது. நர்ஸ் பெண்களில் இரண்டு பேர் குடிவரத் தயார். காவ்யா ஒரு காகிதத்தில் ஐந்து போன் நம்பர் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், சுமதிக்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரை முத்தின நாத்துங்கறீங்க?" என்றேன்.

"முதல்ல ஆரம்பிச்சது நீங்க சார்" என்றார் ராஜாத்தி, என் பக்கம் திரும்பாமலே.

சுமதி சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன் அந்தச் சிரிப்பை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். நான் கையை நீட்டினேன். சாவி என் கைக்கு மேலாகவே போயிற்று. "அவர்கிட்ட குடுக்காதீங்கக்கா. நீங்களே வச்சுக்கங்க."

இப்போது

வகுப்பு தரைத்தளத்தில். விதை நெல் வாசனை இன்னும் போகவில்லை. விட்டுப்போன தொடர்களையும் நடத்தி முடித்துவிட்டேன். வகுப்புக்கு வரும் நர்ஸ் பெண்களில் ஒருத்தி தினமும் என் காலைக் குனிந்து பார்க்கிறாள், பயிற்சியாம். இரண்டு பேர் ராத்திரியில் என் வீட்டு மாடியில் நடந்து நடந்து இங்கிலீஷ் பேசுகிறார்கள், பிழையோடு. கீழே படுத்தபடியே திருத்துகிறேன். சுமதி ஞாயிறுதோறும் வருகிறாள். தலையணை கொண்டு வருகிறாள். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

கார்த்திகையில் காவ்யாவின் இண்டர்வியூ. கூடப் போன ராஜாத்தி தெருக்கோடியிலேயே நின்றுகொண்டார். வீட்டில் உன்னை ஆளாக்கியவர் யார் என்று கேட்டார்களாம். மதர் ஹென் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, அண்டர் த விங் என்று மாற்றிச் சொன்னாளாம். வேலை கிடைத்துவிட்டது. தை பிறந்து கிளம்புகிறாள். மகள் போனபின் வகுப்புப் பக்கம் வர ராஜாத்திக்கு வேலை இல்லை. அப்படித்தான் நினைத்தேன், கேட்டும் விட்டேன். இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினார்: "நான் வராம நீங்க எப்படி சார் உள்ள போவீங்க?"

ஆக, பொத்தி வைப்பதற்கு இங்கிலீஷில் ஆறு பெயர் சொல்லிக்கொடுத்தேன். பூட்டிய என் வகுப்பைத் திறந்து வைத்தவருக்கு ஒரே பெயர்தான், ராஜாத்தி.